சாபமல்ல, சாவி!

கோமாரி! நம் நாட்டு உழவன் நடுக்கத்தோடு உச்சரிக்கும் சொல். கோ என்பது மாடு. மாரி என்பது கொள்ளைநோய். கொள்ளைநோய்க்கு உரியவளெனக் கற்பிக்கப்பட்ட தெய்வத்தின் பெயரும் அதுவே. பெயர் வைத்தவர்கள், நோய் இன்னதென்று ஆராய்ந்து வைத்தாரில்லை, அஞ்சி வைத்தனர். ஆகவே பெயரிலேயே தீர்ப்பும் அடங்கிவிட்டது. அனுப்பியவள் மாரி, திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியவளும் மாரி, இடையிலே நிற்கும் மனிதனுக்கு வேலை ஒன்றே ஒன்று, மன்றாடுவது!

ஆனால் அதே நாட்டுப்புறத்திலே, அதே நோய்க்கு மற்றோர் பெயரும் உண்டு. காணை என்பர், கால்காணை, வாய்க்காணை என்பர். அந்தப் பெயரிலே தெய்வமில்லை, சீற்றமில்லை, சாபமில்லை. காலிலே காண்பது, வாயிலே காண்பது என்று, நோய் தோன்றும் இடத்தை மட்டும் சுட்டும் பெயர். ஒரே நோய்க்கு இரு பெயர்கள்! ஒன்று அண்ணாந்து பார்க்கச் சொல்கிறது. மற்றொன்று மாட்டின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்கிறது. அண்ணாந்து பார்த்தவர்கள் பல நூற்றாண்டுக்காலம் பார்த்தனர், கண்டது ஒன்றுமில்லை. வாயைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? அந்த வரலாறு நாம் அறியவேண்டிய வரலாறு.

நோயின் கொடுமையை உழவனுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. காய்ச்சல் காண்கிறது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகுகிறது. நாவிலும் ஈறிலும் கொப்புளம், குளம்பின் பிளவிலே கொப்புளம், மடிக்காம்பிலும் கொப்புளம். கொப்புளம் உடைந்தால் புண். தின்ன முடியாத வாய், நிற்க முடியாத கால். கறவை வற்றுகிறது, ஏர்மாடு படுத்துவிடுகிறது, இளங்கன்றின் இதயத்தசையையே நோய் தாக்க, துள்ளிய கன்று துவண்டு மாள்கிறது. வளர்ந்த மாடு பெரும்பாலும் சாவதில்லை. சாவதில்லை என்பதாலேயே இந்நோயைச் சிறிதென எண்ணினோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: ஒற்றைப் பசுவின் பாலை விற்று உலையேற்றும் விதவைத் தாய்க்கு, அந்தப் பசு உயிரோடிருந்தும் பால் தராத மாதம் எப்படிப்பட்ட மாதம்? செத்தால்தான் இழப்பா? வாழ்ந்தும் வதைபடுவது இழப்பாகாதா?

இந்த இழப்பு நேரும்போது ஊர் செய்தது என்ன? வேப்பிலை கட்டியது, மஞ்சள்நீர் தெளித்தது, பலி கொடுத்தது. நம் நாடு மட்டுமா? இல்லை. நாகரிகத்தின் நாற்றங்கால் என்று தன்னைக் கூறிக்கொண்ட ஐரோப்பாவிலும் இதே காட்சிதான். மாட்டுக்குக் கொள்ளைநோய் வந்தால், ஜெர்மானிய நாட்டுப்புறத்திலும் ஸ்காட்லாந்திலும் ஊரிலுள்ள அடுப்புகளையெல்லாம் அணைத்துவிடுவர். கட்டையோடு கட்டை கடைந்து புதுத் தீ மூட்டுவர். அந்தத் தீயின் புகையினூடே மந்தைகளை ஓட்டுவர். 1865ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வெக்கை நோய் பரவியபோது, மாதாகோயில்களில் அதற்கெனத் தனி வேண்டுதல்கள் நடைபெற்றன. வேண்டியவர்கள் கெட்டவர்களல்லர்; வேறு வழி அறியாதவர்கள். ஆனால் ஒன்றை எண்ணிப்பாருங்கள்: நோயுற்ற மாட்டையும் நோயற்ற மாட்டையும் ஒரே இடத்திலே கூட்டி, ஒரே புகையினூடே, ஒரே பாதையிலே ஓட்டினால், நோய் ஓடுமா, ஊரெல்லாம் பரவுமா? மூச்சுக்காற்றிலும் எச்சிலிலும் பரவும் நோய்க்கு, அந்தச் சடங்கே ஊர்வலம் எடுத்துக் கொடுத்தது! பரிகாரம் என்று எண்ணியதே பரப்பும் கருவியாயிற்று.

வாயைத் திறந்து பார்த்தவர்களில் முதல்வராக நமக்குத் தெரிபவர் இத்தாலி நாட்டு வெரோனா நகரத்து மருத்துவர் பிரகஸ்தோரோ. 1514ஆம் ஆண்டு வட இத்தாலியிலே மாடுகளைத் தாக்கிய நோயைப் பற்றி, 1546ஆம் ஆண்டு வெளிவந்த தமது தொற்றுநோய் நூலிலே எழுதினார். மாடு தீனி மறுத்தது. வாயிலே புண் கண்டது. பின்னர் நோய் காலுக்கு இறங்கியது என்று, கண்டதைக் கண்டவாறே குறித்தார். காணை நோய் பற்றி வரலாற்றிலே கிடைக்கும் முதற் குறிப்பு இதுவே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். குறித்ததோடு அவர் நிற்கவில்லை. கண்ணுக்குப் புலனாகாத ‘விதைகள்’ ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்வதாலேயே தொற்றுநோய் பரவுகிறது என்றார். விதை என்றார், விதி என்றாரில்லை! நுண்ணோக்கி பிறவாத காலத்திலே, மெய்ப்பிக்கும் கருவி கையிலே இல்லாத நிலையிலே, எண்ணம் மட்டும் முன்னே சென்றது.

அந்த விதையைக் கைப்பற்ற மேலும் முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1897ஆம் ஆண்டு, காணையால் பெரும் இழப்புக்கு ஆளான பிரஷ்ய அரசு, காரணம் கண்டறியும் பொறுப்பை லோப்ளர் என்னும் அறிஞரிடம் ஒப்படைத்தது. தொண்டை அடைப்பான் நோயின் நுண்கிருமியை 1884இலேயே ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர். ராபர்ட் காக் நிறுவனத்தைச் சேர்ந்த பிராஷ் துணை நின்றார். இருவரும் கொப்புள நீரை எடுத்தனர். நுண்கிருமி எதுவும் புகமுடியாத மண் வடிகட்டியிலே வடித்தனர். வடிந்த நீர் தெளிந்த நீர். நுண்ணோக்கியின் கீழே கிருமி ஒன்றும் தென்படவில்லை. அந்தத் தெளிந்த நீரைக் கன்றுக்குச் செலுத்தினர். கன்று நோயுற்றது!

கிருமி இல்லை, நோய் உண்டு. அப்படியானால் நீரிலே கரைந்திருந்தது வெறும் நஞ்சா? இங்கேதான் அறிவின் கூர்மை வெளிப்பட்டது. நஞ்சாயின், ஒரு கன்றிலிருந்து மறு கன்றுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்ற மாற்ற, நீர்த்து நீர்த்து வலுவிழக்கவேண்டும். வலுவிழக்கவில்லை. ஆகவே அது நஞ்சல்ல, உடலுக்குள்ளே பெருகுவது, கிருமியினும் மிகமிகச் சிறியது என்று 1898ஆம் ஆண்டு அறிவித்தனர். விலங்குகளின் நோய்க்குக் காரணமான வைரஸ் ஒன்று உலகிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறுதான். பெரியம்மை, வெக்கை போன்ற நோய்களும் இத்தகைய நுண்பொருளால் வரக்கூடும் என்றும் அவர்கள் எழுதினர். அம்மையின் பெயரால் அஞ்சிய உலகுக்கு, அஞ்சாதே, ஆராய் என்று சொன்ன மாடு இந்தக் காணை கண்ட மாடு!

ஆராய்ச்சி எளிதாகவும் நடக்கவில்லை. லோப்ளர் பணியாற்றிய கிரைப்ஸ்வால்ட் நகரிலே ஆய்வுக்கூடத்திலிருந்து நோய் வெளியேறிச் சுற்றுப்புறத்திலே பரவியது. ஆய்வு தடுத்து நிறுத்தப்பட்டது. பின்னர் 1910ஆம் ஆண்டு, பால்டிக் கடலோரத்து ரீம்ஸ் தீவிலே, நாற்புறமும் நீர் சூழ்ந்த இடத்திலே, ஆய்வு தொடர்ந்தது. 1922ஆம் ஆண்டு, வல்லே, கரே என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர், இந்த வைரஸில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு என்றும், ஒரு வகையிலிருந்து மீண்ட மாடு மறு வகைக்கு இரையாகிறது என்றும் காட்டினர். பின்னர் பிற நாடுகளிலும் வகைகள் காணப்பட்டு, மொத்தம் ஏழாயின. ‘போன ஆண்டுதான் பொங்கல் வைத்தோமே, மறுபடியும் வந்துவிட்டதே, என்ன குறையோ!’ என்று ஏங்கிய உழவனுக்கு விடை அது. குறை வழிபாட்டில் இல்லை. வந்தது வேறு வகை!

ஆனால் அடிப்படைக் கேள்வி அப்போதும் நின்றது. இந்த நுண்பொருள் உடலுக்குள்ளே எப்படிப் பெருகுகிறது? சோற்றுக் கஞ்சியிலே வைத்தால் நுண்கிருமி பெருகும், இது பெருகாது. உயிரணு ஒன்று உயிரோடிருந்தால்தான் பெருகும். இந்த உண்மையைப் பயனாக்கியவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து அறிஞர் பிரெங்கல். இறைச்சிக் கூடத்திலே அறுபட்ட மாட்டின் நாத்தோலை எடுத்து, தக்க நீர்மத்திலே உயிரணுக்கள் சாகாதபடி காத்து, அதிலே வைரஸை வளர்த்துக் காட்டினார், 1947ஆம் ஆண்டு. அதுவரை, தடுப்பூசிக்கு வைரஸ் வேண்டுமெனில் உயிருள்ள மாட்டுக்கு நோயூட்டவேண்டும். ஊரைக் காக்க மாட்டை வதைக்கவேண்டும். பிரெங்கலின் முறை அந்த வதையை நீக்கியது. 1962ஆம் ஆண்டு முதல், எலியினத்தைச் சேர்ந்த வெள்ளெலி ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட உயிரணு மரபிலே இதனை வளர்க்கும் வழியும் பிறந்தது. கொப்பரை கொப்பரையாகத் தடுப்பூசி செய்வது அதனாலே கைகூடிற்று.

உயிரணு இன்றி இது வாழாது. ஏன் வாழாது? அந்த ஏன் என்ற வினாதான் மிகப்பெரிய உண்மையை ஈன்றது.

வைரஸின் உடைமை என்னவென்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டரை பத்து லட்சம் கூறாக்கினால், அதிலே ஏறத்தாழ முப்பது கூறு அதன் அகலம். புரதத்தால் ஆன ஓடு. ஓட்டுக்குள்ளே எட்டாயிரத்துச் சொச்சம் எழுத்துக்கள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை. அவ்வளவுதான் ஆஸ்தி! உண்ண வாயில்லை, உழைக்கக் கையில்லை, தன் புரதத்தைத் தானே செய்துகொள்ளும் பட்டறையில்லை. பரம ஏழை. ஆனால் இந்தப் பரம ஏழை, மலைபோன்ற காளையைப் படுக்கவைக்கிறது. எப்படி? காளையின் உடைமையைக் கொண்டே!

மாட்டின் உயிரணுக்கள், தம்மைச் சூழ்ந்த பொருள்களைப் பற்றி நிற்பதற்கென மேற்பரப்பிலே சில புரதங்களை வைத்திருக்கின்றன. இன்டெக்ரின் என்பது அவற்றின் பெயர். அவை பற்றுகின்ற பொருளிலே, மூன்றே மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் ஒரு சிறு பிடி உண்டு என்பது 1984ஆம் ஆண்டு தெரிந்தது. 1989ஆம் ஆண்டு, பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு, பிர்பிரைட் அறிஞர்கள் காணை வைரஸின் ஓட்டை அணு அணுவாக வரைந்து வெளியிட்டபோது, ஓட்டின் வெளியே நீண்டு அசையும் ஒரு வளையமும், அதன்மேல் அதே மூன்று அமினோ அமிலங்களும் விளங்கின. அதாவது, வீட்டாரின் பூட்டுக்குரிய சாவியைப்போலவே கள்ளச் சாவி செய்து வைத்திருக்கிறது வைரஸ்! 2000ஆம் ஆண்டு, எந்த இன்டெக்ரின் அதற்குச் சிறந்த வாயில் என்பதும் வெளிப்பட்டது. அந்த இன்டெக்ரின் மிகுந்திருக்கும் இடங்கள் எவை? நாத்தோல், குளம்படித் தோல். ஏன் வாய், ஏன் கால் என்று பன்னூறாண்டு மனிதன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தெய்வம் குறிவைத்த இடங்களல்ல அவை. பூட்டு இருக்கும் இடங்கள்!

உள்ளே நுழைந்தபின் நடப்பது இன்னும் வியப்பு. வைரஸை உயிரணுவே பையிலிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள்ளே அமிலம் ஊறுவது உயிரணுவின் வழக்கம். அந்த அமிலமே வைரஸின் ஓட்டை உடைத்து, இழையை விடுவிக்கிறது. இழை வெளிவந்ததும் ஆட்சி மாற்றம் தொடங்குகிறது.

உயிரணுவின் ஆணைகளுக்கெல்லாம் தலைப்பிலே ஒரு முத்திரை உண்டு. முத்திரையை அடையாளம் காணும் புரதம் ஒன்று. அதனைப் பட்டறையோடு இணைக்கும் பாலமாக நிற்கும் புரதம் மற்றொன்று. வைரஸ் தன் முதல் விளைச்சலாக ஒரு வெட்டுக்கத்தியைச் செய்துகொள்கிறது. அந்தக் கத்தி பாலத்தை நடுவிலே துண்டிக்கிறது. இது தெளிவானது 1988ஆம் ஆண்டு. பாலம் அறுந்ததும், முத்திரையிட்ட ஆணைகள் படிப்பாரற்றுக் கிடக்கின்றன. வைரஸின் ஆணைக்கோ முத்திரையே இல்லை. ஆனால் அதன் இழையிலே உள்ள ஒரு மடிப்பு, அறுந்த பாலத்தின் மிச்சத் துண்டையே பற்றிக்கொண்டு பட்டறைக்குள் புகுகிறது. உயிரணுவின் வேறு சில புரதங்களும் அந்த மடிப்பைத் தாங்கிப்பிடிக்கின்றன. கருவுக்குள்ளே பணிபுரியும் ஒரு புரதம் வெளியே வரவழைக்கப்பட்டு, வைரஸின் படியெடுப்புக்குக் கைகொடுக்கிறது என்பது 2009ஆம் ஆண்டு அறியப்பட்டது. பட்டறை வீட்டாருடையது, பணியாளர் வீட்டார், மூலப்பொருள் வீட்டாருடையது, விளைவது மட்டும் வந்தவனுடையது! அக்கம்பக்கத்து உயிரணுக்களை எச்சரிக்கும் அபாயமணிப் புரதத்தையும் செய்யவிடாமல் அந்தக் கத்தி தடுத்துவிடுகிறது. சில மணி நேரத்திலே உயிரணு வெடித்து மடிய, ஆயிரக்கணக்கான வாரிசுகள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகின்றன.

இதை அறிந்து என்ன பயன் என்று கேட்போர் இருப்பர். பயன் உண்டு. மாட்டின் பூட்டை நாம் அகற்றிவிட முடியாது. அது மாட்டின் வாழ்வுக்கு வேண்டியது. ஆனால் கள்ளச் சாவியை மூடலாம். தடுப்பூசி அதைத்தான் செய்கிறது. சாவி பொருந்திய வளையத்தின்மீதும் ஓட்டின் பிற இடங்கள்மீதும் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும்படி உடலைப் பழக்குகிறது. சாவியின் பல்லை மாற்றினால் பூட்டு திறவாது என்பதால், வைரஸ் அந்த மூன்றை விட்டுவிட்டு, சுற்றியுள்ள பகுதிகளை மாற்றி மாற்றி வேடம் புனைகிறது. வகைகள் பலவானதன் இரகசியங்களுள் ஒன்று அது. எந்த வகை ஊரிலே உலவுகிறதோ, அதற்கேற்ற ஊசி வேண்டும் என்பது இதனால் விளங்கும். வெட்டுக்கத்தியை நீக்கிய வைரஸ் மாட்டிலே வலுவிழந்து போகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களிலே காட்டினர். உள்ளே இழையே இல்லாத வெற்று ஓட்டைச் செய்து, நோய் கசியும் அச்சமே இன்றித் தடுப்பூசியாக்கும் வழியும் பிறந்துள்ளது.

அறிவியல் அப்பழுக்கற்றது என்று நாம் கூறவரவில்லை. 2001ஆம் ஆண்டு பிரிட்டனிலே காணை பரவியபோது, ஊசி போடாமல் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொன்று குவித்தனர். எரிந்த சிதைகளின் புகை உலகெங்கும் திரைகளிலே தெரிந்தது. 2007ஆம் ஆண்டு பிர்பிரைட் வளாகத்துப் பழுதான கழிவுநீர்க் குழாய் வழியே வைரஸ் கசிந்து அண்டைப் பண்ணைகளைத் தாக்கியது. ஆயினும் வேறுபாட்டைக் காணுங்கள். தவறு எங்கே என்று தேடினர், குழாய் என்று கண்டனர், வெளிப்பட எழுதினர். தெய்வக்குற்றம் என்று சொல்லித் தப்பிக்க அங்கே வழியில்லை. தன் பிழையைத் தானே தோண்டியெடுக்கும் முறைக்குத்தான் அறிவியல் என்று பெயர்.

அந்த முறை இறுதிவரை சென்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மாட்டினத்தையே அழித்துவந்த வெக்கை நோயின் வைரஸை, 1960ஆம் ஆண்டளவில் கென்யாவிலே பிளவ்ரைட் என்பார் கன்றின் சிறுநீரக உயிரணுக்களிலே வளர்த்து, வலுக்குறைத்துத் தடுப்பூசியாக்கினார். நாடு நாடாக ஊசி சென்றது. 2011ஆம் ஆண்டு, உலகிலிருந்தே வெக்கை ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் மண்ணிலிருந்து அகற்றிய இரண்டாவது நோய் அது! அந்தப் போரிலே நம் பங்கும் உண்டு. 1932ஆம் ஆண்டு இராணிப்பேட்டையிலே தொடங்கிய கால்நடை மருந்து நிலையம், தமிழ்நாட்டு மாடுகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது. வெக்கை போயிற்று, எந்தப் பொங்கலும் அதைப் போக்கவில்லை. ஊசியேந்திச் சேற்றிலும் வரப்பிலும் நடந்த எளிய ஊழியர் போக்கினர்.

காணை இன்னும் போகவில்லை. 2019ஆம் ஆண்டு முதல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் நடைபெறுகிறது. ஊசியின் காப்பு நெடுங்காலம் நில்லாது. ஆறு திங்களுக்கு ஒருமுறை மீண்டும் போடவேண்டும். இங்கேதான் பழம்பெயரின் ஆட்சி குறுக்கிடுகிறது. ஊசி போட்டால் பால் குறையும் என்ற வதந்தி. வந்தால் அவள் விளையாட்டு என்ற சலிப்பு. விட்டு விட்டு வரும் ஊழியரை ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்று அனுப்பும் அசட்டை. ஊரிலே பாதி மாடு ஊசியின்றி நின்றால், நோய்க்குப் பாதி ஊர் திறந்த வீடு.

வைரஸைப் பற்றி அறிஞர் கண்ட உண்மை, மாட்டுத் தொழுவத்தோடு நிற்பதன்று. தனக்கென ஆற்றல் ஏதுமில்லாத ஒன்று, நம்முடைய பூட்டைத் திறந்து, நம்முடைய பட்டறையிலே, நம்முடைய பணியாளைக் கொண்டு பெருகமுடியும் என்பது அந்த உண்மை. மூடநம்பிக்கைக்கும் சொந்தக் கையில்லை, காலில்லை. நம் தாயின் அன்பு அதற்குக் கால். கன்று பிழைக்கவேண்டுமே என்ற நம் தவிப்பு அதற்குக் கை. நாம் ஈட்டிய காசு அதற்கு உணவு. அன்பையும் தவிப்பையும் நாம் விட்டுவிட முடியாது, விடவும் கூடாது, அவை வாழ்வுக்கு வேண்டியவை. அவற்றின்மீது வந்து ஒட்டும் கள்ளச் சாவியை அடையாளம் காண்பதே நமக்குரிய பணி. அந்த அடையாளம் காணும் ஆற்றலைத்தான் பகுத்தறிவு என்கிறோம்.

ஆகவே பெயரிலிருந்தே தொடங்குவோம். கோமாரி வேண்டாம்; காணை என்போம். தொழுவத்திலே வேப்பிலை கட்டுவோரைப் பழிக்கவேண்டாம். அவர்கள் கையிலே ஊசி நாளைக் குறித்த சீட்டைக் கொடுப்போம். அந்த நாளிலே மாட்டை அவிழ்த்து முகாமுக்கு ஓட்டிச்செல்ல, முடியாத முதியவளுக்கு ஊர் இளைஞன் ஒருவன் துணைபோனால், பிரகஸ்தோரோ முதல் பிரெங்கல் வரை தேடியவர்களின் உழைப்பு அந்தத் தெருவிலே பலனாகும்.